பத்து வரியில் உங்கள் வீட்டு வழி

அண்ணை,

மேசையில் ஒரு பெட்டி கிர் கிர் என்று இரைந்துகொண்டு கிடக்கிறது. பக்கம் மாறும்போதெல்லாம் புள்ளிகள் மேலேயிருந்து கீழே வரி வரியாய் எழும்புகிற சத்தம் அது. பத்து வரி, அண்ணை! ஒன்றல்ல, பத்து. நாங்கள் பாடப்புத்தகம் திருத்துகிற இடத்துக்குப் புதிதாக வந்த பிரெயில் கருவி. "கொண்டுபோய் ஒரு கிழமை பாவிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ" என்று தந்துவிட்டார்கள். பாரம் சொல்லி வேலையில்லை. மானிப்பாய்ச் சந்தியிலிருந்து வீடு வந்து சேருவதற்குள் தோள் கழன்றுவிட்டது.

முதல் நாள் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கையையும் விரித்து அதன்மேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். இத்தனை வருசமாக ஒரு வரிக் கருவியில் சோற்றை ஒவ்வொரு பருக்கையாகத் தின்ற ஆளுக்கு, வாழையிலை நிறையப் பரிமாறினால் எங்கே கை வைப்பது? பிறகு ஒரு பெருக்கல் கணக்கைத் திறந்தேன். இலக்கத்துக்குக் கீழே இலக்கம், பள்ளிக்கூட விடுதியில் நீங்களும் நானும் கடதாசியில் தடவினோமே, அப்படியே நின்றது. செய்யுளைத் திறந்தேன். நாலு அடியும் நாலு அடியாகவே கிடந்தன. எதுகையை விரல் மேலிருந்து கீழே ஓடிப் பிடித்தது. "அட கோதாரி!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அந்தச் சந்தோசப் புளுகத்தில்தான் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். அப்போது உங்களுடைய கடைசிக் கோப்பு வந்தது.

அந்தக் கோப்பை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். படுக்கையில் விழுவதற்கு முன் அனுப்பியது. ஒரு வரிக் கருவியில் வாசித்தபோது அது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நிறைய வெற்றிடம், பிறகு 'தே'. இன்னும் வெற்றிடம், பிறகு 'நா'. புள்ளி, புள்ளி, 'ம'. எங்கேயோ ஒரு 'அ'. ஒரு சொல்லாவது முழுசாக இல்லை. நான்தான் பிழை திருத்துவதில் சூரன் ஆயிற்றே! வெற்றிடங்களை எல்லாம் அழித்து, இரண்டு வரிக்குள் சுருக்கி, 'திருத்தியாச்சு' என்று உங்களுக்கே திருப்பி அனுப்பினேன்.

அன்றைக்கே போன் எடுத்தீர்கள்.

"ஐசே, என்னத்தைச் செய்து வைச்சிருக்கிறீர்? வரி வரியா வாசியாதையும். முழுசாப் பாரும்."

"முழுசாப் பாக்கிறதுக்கு எனக்கென்ன கண்ணா இருக்கு அண்ணை?"

"உமக்கு விளங்கும். ஆறுதலாப் பாரும்."

அவ்வளவுதான். விளங்கப்படுத்தினால் உங்கள் மரியாதை குறைந்துவிடும். கேட்டால் என் மரியாதை குறைந்துவிடும். இரண்டு பிடிவாதக்காரர்.

பிறகு நான் செய்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் மனைவிக்கு, அக்காவுக்குப் போன் எடுத்தேன். "அக்கா, அண்ணைக்கு வயசு போய் அறளை பேந்திட்டுது போலை, புத்தி தடுமாறுது. கண்டபடி அடிச்சு அனுப்புறார். உந்தக் கொம்பியூட்டரைக் கொஞ்ச நாளைக்கு எடுத்து வையுங்கோ" என்றேன். அக்கா பாவம், என் சொல்லை நம்பி எடுத்து வைத்துவிட்டா. உங்கள் கையிலிருந்து எழுத்தைப் பறித்தவன் நான். நாலு மாதம் கழித்து உங்கள் செத்தவீட்டுக்குத்தான் வந்தேன், அதுவும் என் மகனின் ஓட்டோவில்.

இப்போது அதே கோப்பு பத்து வரியாக எழும்பி நின்றது. இடப்பக்கம் கீழே 'ச'. அதிலிருந்து புள்ளிகள் நேராக வலப்பக்கம் ஓடின. பாதியில், கோட்டுக்கு மேலே 'அ'. பிறகு புள்ளிகள் மேல்நோக்கித் திரும்பின. 'ம'வைத் தாண்டி, 'நா'வை உரசிக்கொண்டு போய், வலப்பக்க மேல் மூலையில் ஒரு 'தே'யில் நின்றன.

விரல் இரண்டாம் தரம் போனபோது எனக்குப் பிடிபட்டது, இது ஒரு வழி. 'ச' வட்டுக்கோட்டைச் சந்தி. 'அ' அரைக்கிற மில், ஓட்டோவில் வரும்போது அதன் இரைச்சல் கேட்கும். 'ம' ஓட்டோவில் இடுப்பு நாரி குலுங்குகிற அந்த மதகு. 'நா' பக்கத்து வீட்டு நாய். 'தே' உங்கள் வீட்டுத் தேத்தண்ணி.

"உங்கடை வீட்டுக்கு வாறதெண்டால் ஆள் பிடிக்கவேணும் அண்ணை, வழி தெரியாது" என்று எத்தனை வருசம் சாட்டுச் சொன்னேன். அதற்குப் பதில் இது. உங்களிடமும் ஒரு வரிக் கருவிதான் இருந்தது. மேல் வரிகளை எல்லாம் மனதில் பிடித்துக்கொண்டு, வெற்றிடத்தை ஒவ்வொன்றாக எண்ணி எண்ணி அடித்திருக்கிறீர்கள். ஒரு புள்ளி பிசகவில்லை. அறளை பேந்த ஆள் செய்கிற வேலையா இது? வெட்கத்தில் அழுதேன், அண்ணை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அந்த வழியைப் பாடமாக்கினேன். நாலு தரம் தடவப் போதுமாயிருந்தது.

அடுத்த நாள் காலை பஸ் ஏறிச் சந்தியில் இறங்கினேன். ஒருவரிடமும் வழி கேட்கவில்லை. ஒரு பெடிச்சி வந்து "ஐயா, கூட்டிக்கொண்டு போய் விடவோ?" என்றாள். "வேண்டாம் பிள்ளை, எனக்குத் தெரியும்" என்றேன். அப்படிச் சொல்லி எத்தனை காலம்! மில் அன்றைக்குப் பூட்டு, ஆனால் மிளகாய்த்தூள் மணத்தில் தும்மல் வந்தது. திரும்பினேன். மதகு பிரம்பில் தட்டுப்பட்டது. நாய் வஞ்சகமில்லாமல் குரைத்தது.

அக்கா வெளியே ஓடிவந்தா. "ஆரோடை வந்தனீங்கள் தம்பி?"

"தனியத்தான் வந்தனான் அக்கா. அண்ணை வழி கீறி அனுப்பினவர். நான்தான் விளங்காமல் உங்களிட்டைப் பிழையாச் சொல்லிப்போட்டன். அவருக்கு ஒரு அறளையும் பேரேல்லை."

நான் ஏச்சுக்குத் தயாராக நின்றேன். அக்கா சொன்னா: "அதுக்குப் பிறகு, படுக்கையிலை விழுமட்டும், பின்னேரத்திலை ஒவ்வொரு நாளும் வாசல் படலையடியிலை கதிரையைப் போடச் சொல்லி இருந்தவர். காத்து வாங்கத்தான் எண்டு நினைச்சன்."

கருவியை நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நல்ல சாமான், வாங்கச் சொல்லி எழுதிவிட்டேன். வழி மட்டும் விரலில் நிற்கிறது. சனிக்கிழமைகளில் அக்காவிடம் தேத்தண்ணி குடிக்கப் போகிறேன், அண்ணை. எனக்கு இனி ஆள் வேண்டாம்.