எட்டாவது ஓட்டை

மார்ச் 3, திங்கள்

காரைத் தூக்கி நிறுத்தியாயிற்று. முன்பக்கம் இரண்டு ஸ்டாண்டு, பின்பக்கம் இரண்டு, அவற்றின் மேல் நம்பிக்கை இல்லாமல் நடுவில் ஒரு மரக்கட்டை. ஐம்பத்தொன்பது வயதில் வீட்டு வாசலில் மல்லாந்து கிடக்கிறேன். தெருவில் போகிறவர்களுக்கு என் கால் மட்டும்தான் தெரியும். எதிர்வீட்டுக்காரர் காலைப் பார்த்தே, "என்ன சார், துருவா?" என்று விசாரித்தார். இல்லை, தரை குளிர்ச்சியாக இருக்கிறதென்று படுத்திருக்கிறேன் என்று சொல்லத் தோன்றியது. "ஆமா" என்றேன்.

முப்பத்தொன்றாம் தேதிக்குள் தகுதிச் சோதனை. போன வாரம் சோதனை நிலையத்தில் ஒருவர் குனிந்து, கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்வரை ஓடுகிற பெட்டித் தகட்டைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். மூன்றாவது தட்டில் சுத்தியல் உள்ளே போய்விட்டது. "சரி பண்ணிக் கொண்டு வாங்க. முடியலன்னா உடைக்கக் குடுத்துடுங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. தப்பு பண்ணினவர் வேறொருவர்.

மார்ச் 5, புதன்

நல்ல தகடு தட்டினால் கணீரென்று பதில் சொல்லும். இது நனைந்த அட்டையைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. வலதுபக்கம் முழுக்கப் போயிற்று, இடதுபக்கம் பாதி. கம்பி பிரஷ் போட்டால் செதில் செதிலாக உதிர்ந்து கண்ணிலும் மூக்கிலும் விழுகிறது.

அண்ணனை நினைத்துக்கொண்டேன். முப்பத்தைந்து வருஷமாக அவருக்குக் கார் டிங்கரிங்தான் தொழில். பதினோரு வருஷத்துக்கு முன் புதுசு ஒன்று வாங்கியதும் இதை எனக்குச் சும்மா கொடுத்தார். கழுவித் துடைத்து, அடியில் பளபளவென்று கறுப்புத் தார் பூசிக் கொடுத்தார். மூன்றே வருஷத்தில் கதவுக்கடியில் கொப்புளம். தகட்டோடு புழங்குகிறவருக்குத் துரு தெரியாதா? தெரிந்துதான் பூசி மறைத்திருக்கிறார். தம்பிதானே, இவனுக்கு இது போதும் என்று.

நான் மனசுக்குள் வைத்துப் புழுங்குகிற ஆள் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால், அவர் வீட்டில் பதினைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று கேட்டேன். "உளுத்துப்போனதுக்குத் தார் பூசி என் தலையில கட்டிட்டீங்களே, இது நியாயமா?" அவர் சாப்பாட்டிலிருந்து எழுந்தார். வெளியே போய்க் காருக்கடியில் குனிந்து பார்த்தார். திரும்பி வந்து கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். குற்றமுள்ளவன் வேறெப்படி இருப்பான்? அன்றோடு அந்த வாசலை நான் மிதிக்கவில்லை. என் மனைவியையும் மிதிக்க விடவில்லை.

மார்ச் 6, வியாழன்

இதையும் எழுதிவிடுகிறேன். அண்ணி, என் மனைவியின் கூடப்பிறந்த அக்கா. அண்ணன் தம்பிக்கு அக்கா தங்கையைக் கட்டிவைத்தார்கள். எட்டு வருஷமாக இரண்டு பேரும் போனில் மட்டும் பேசிக்கொள்கிறார்கள், நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து. எனக்குத் தெரியாதென்று நினைப்பு.

இன்று டீ டம்ளரைக் காருக்கடியில் நீட்டினாள். குனிய முடியவில்லை அவளுக்கு. முழங்கால் தேய்ந்த பிறகு பஸ் படியெல்லாம் மறந்தே போயிற்று. "அக்காவுக்கு ஒரு பக்கம் கை வர மாட்டேங்குதாம். கார் ரெடியானதும் என்னைக் கொண்டு போய் விடுங்க" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை, சொன்னாள். காருக்கடியில் படுத்திருப்பதில் ஒரு வசதி, முகத்தைக் காட்ட வேண்டியதில்லை.

மார்ச் 8, சனி

கழுத்து திரும்பவில்லை. வேலை இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

உண்மையை எழுதுவதென்றால் — கார் தேறாமல் போனாலும் நல்லதுதான் என்று ஒரு எண்ணம் ஓடுகிறது. தேறாவிட்டால் அங்கே போக வேண்டாம். போகாதது என் குற்றமும் ஆகாது. ச்சீ. என்ன மனுஷன் நான்.

மார்ச் 12, புதன்

கிரைண்டரால் வலதுபக்கத் தகட்டை வெட்டினேன். வெட்டினதும் உள்ளேயிருந்து பழுப்புத் தண்ணீர் சட்டை மேலேயே கொட்டியது. பிறகு இரண்டு கைப்பிடி சேறு. துருதான், சேறாகியிருக்கிறது.

ஒன்று புரியவில்லை. வெளியிலிருந்து அரித்திருந்தால் தார்தான் முதலில் உரிந்திருக்கும். தார் அப்படியே முழுசாக இருக்கிறது, அதற்குப் பின்னால் தகடுதான் இல்லை. உள்ளிருந்து வெளியே அரித்திருக்கிறது. கதவு இடுக்கு வழியாக மழைத் தண்ணீர் இறங்கும், சரி. இறங்கினது ஏன் அங்கேயே குடியிருந்தது?

மார்ச் 13, வியாழன்

பற்றவைத்துத் தர கிரில் கடைக்காரர் வந்தார். நான் கண்ணாடி பதிக்கிற ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி அடிக்கிறவர், பழக்கத்துக்காக வந்தார். இடதுபக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனவர் நின்றார்.

"அண்ணே, இதுல தண்ணி வடியற ஓட்டை இருக்கணுமே. எல்லாக் காருலயும் வெச்சிருப்பான். யாரோ அடைச்சு வெச்சிருக்காங்க."

"எங்கண்ணன்தான்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. வாயில் தயாராக இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

கிரில் கடைக்காரர் காட்டின இடத்தில் தாரைச் சுரண்டினேன். உள்ளே வெள்ளையாக ஒரு அடைப்பு. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினதும் முழுசாகக் கையில் வந்தது. முகர்ந்து பார்த்தேன். எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை.

ஜன்னல் கண்ணாடி பதிக்கிற பட்டி. டிங்கரிங் பண்ணுகிறவர் கையில் அது இருக்காது. முப்பது வருஷமாகக் கண்ணாடி பதிக்கிறவன் கையில்தான் இருக்கும்.

அதில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. என் வலது கட்டைவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். இருபத்தேழு வயதில் கண்ணாடி கிழித்த தழும்பு, அப்படியே பொருந்தியது.

நான்தான்.

மார்ச் 14, சாயங்காலம்

இப்போது ஞாபகம் வருகிறது. கொண்டுவந்த புதிதில் ஒருநாள் காரைக் கழுவினேன். அடியில் வரிசையாக ஓட்டை, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பார், அரைகுறை வேலை பண்ணிக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். டப்பாவிலிருந்து பட்டியை எடுத்து ஒவ்வொன்றாக அமுக்கி, மேலே நானே ஒரு கை தாரும் பூசினேன். பத்து நிமிஷ வேலை. ஒழுகுகிற குழாயை மூடுகிற மாதிரி மூடினேன், மறந்தேன். இடைவெளியைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. தண்ணீர் உள்ளே வராமல் அடைப்பதுதான் என் பிழைப்பு. உள்ளே வந்தது வெளியே போக வழி வேண்டும் என்று நான் எங்கே கண்டேன்?

காது கொடுத்திருந்தால் கண்டிருப்பேன். சாவியைக் கொடுத்த அன்றைக்கு அண்ணன், "கீழ இருக்கற ஓட்டையெல்லாம் —" என்று ஆரம்பித்தார். நான், "தெரியும், தெரியும்" என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 15, சனி

யாரிடமும் சொல்லவில்லை. பட்டித் துண்டு சட்டைப்பையில் இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

வலதுபக்கத்துக்குத் தகடு வெட்டிக் கொடுத்தேன், கிரில் கடைக்காரர் பற்றவைத்தார். ஓட்டை நான்கும் போட்டேன். அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு, "சொந்த அண்ணனே இப்படிப் பண்ணுவாங்களா" என்று வருத்தப்பட்டார். மறுத்துச் சொல்லலாம். சொல்லவில்லை.

துண்டைக் குப்பையில் போட்டால் முடிந்தது. இன்னும் இருபது வருஷம் அண்ணன்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். போட நினைத்து இரண்டு முறை போனேன். போடவும் கை வரவில்லை, சொல்லவும் வாய் வரவில்லை.

மார்ச் 21, வெள்ளி

துவைக்கச் சட்டையை எடுத்தவள், பையிலிருந்து துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இது என்ன?"

சொல்லிவிட்டேன். ஓட்டை, பட்டி, விரல் எல்லாவற்றையும். கோர்ட்டில் நிற்கிறவன் மாதிரி நின்றுகொண்டே சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்கதான் அடைச்சீங்கன்னு. அன்னைக்கு மாமா குனிஞ்சு பார்த்தாருல்ல? அப்பவே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. அக்காகிட்ட சொன்னாரு, அக்கா எங்கிட்ட சொன்னா."

"எட்டு வருஷமாவா? அவர் ஏன் என் மூஞ்சிக்கு நேரா சொல்லல?"

"பதினஞ்சு பேர் முன்னாடி தம்பி அசடு வழிய வேணாம்னு பார்த்தாரு."

"நீ?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? அக்கா புருஷனுக்குப் பரிஞ்சு பேசறேன்னு சொல்லியிருப்பீங்க. அந்தப் போனையும் பிடுங்கியிருப்பீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கடையில் என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னாள். அப்புறம் சட்டையை எடுத்துக்கொண்டு துவைக்கப் போய்விட்டாள்.

அப்ப எல்லாருக்கும் தெரியும். அண்ணன், அண்ணி, இவ. எட்டு வருஷம் நான் வீடு வீடாப் போய் அண்ணன் ஏமாத்திட்டான்னு சொன்னப்பெல்லாம் இவ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? — சொல்லியிருந்தா? அவ சொன்னது சரிதான். பிடுங்கித்தான் இருப்பேன்.

மார்ச் 25, செவ்வாய்

இடதுபக்கமும் முடிந்தது. பின்கோடி ரொம்ப உளுத்திருந்ததால் அங்கே ஒரே தகடாக வைத்து மூடிவிட்டோம். பிரைமர் அடித்து, காய்ந்ததும் கறுப்புப் பூச்சு. கிளம்பும்போது கிரில் கடைக்காரரிடம், "அடைச்சது எங்கண்ணன் இல்ல, நான்தான்" என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, கேபிளைச் சுருட்டிக்கொண்டு போனார்.

மார்ச் 31, திங்கள்

தேறிவிட்டது. அதே ஆள், அதே சுத்தியல். "யாரு வேலை? நல்லாருக்கே" என்றார். எல்லாம் என் வேலைதான் என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

இரண்டரை மணி நேர ஓட்டம். வழியில் அவள் மூன்று வார்த்தை பேசியிருந்தால் அதிகம். ஒருநாளைக்கு என்று பார்த்தால் அவள் பை பெரிதாக இருந்தது. கேட்டதற்கு, "ஒரு வாரம் அக்காவோட இருந்துட்டு வரேன்" என்றாள்.

அண்ணன் வாசலுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. கையைக் கொடுத்து அவளை இறக்கினார். அக்கா உள்ளேயிருந்து கூப்பிடுகிற சத்தம் கேட்டதும், இவள் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓடாத குறையாகப் போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணன் காரைச் சுற்றி வந்தார். மெதுவாகக் குனிந்து, கதவுக்குக் கீழே கையைவிட்டு முன்னிருந்து பின்வரை தடவினார். அந்தப் பக்கமும் போய்த் தடவினார். கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பக்கத்துக்கு நாலு இருக்கணும். இடதுபக்கம் பின்னாடி ஒண்ணு காணோம்."

வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிவந்த ஒரே வாக்கியத்தை ஆரம்பித்தேன். "அண்ணே, அன்னைக்கு நான் —"

"தெரியும், தெரியும்" என்றார்.

கையைக் கழுவிக்கொள்ள உள்ளே போனார். வருவார் என்று நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இடதுபக்கம் பின்கோடியில் எட்டாவது ஓட்டையைப் போட்டேன். புதுத் தகடு, போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் அரை டம்ளர் தண்ணீர் ஒழுகியது. கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அவள் போய் இன்றோடு பதினோரு நாள். மத்தியானம் போன் பண்ணினாள். பின்னால் அக்காவின் சிரிப்புச் சத்தம்.

"அந்த ஓட்டையைப் போட்டாச்சான்னு மாமா கேக்கச் சொன்னாரு."

"போட்டாச்சு."

"சரி, சொல்லிடறேன்."

எப்போது வந்து கூட்டிக்கொண்டு வரட்டும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வைத்துவிட்டாள்.