வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்

ராயபுரம், திருப்பூர்
ஞாயிறு

அன்புத் தங்கை நாகஜோதிக்கு,

அக்கா சின்னத்தாய் எழுதுவது. அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலத்தைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் தேய்த்துக்கொள்ளச் சொல். இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். போனில் யார் கேட்டாலும் நல்லாருக்கேன் என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை சந்தனம் அண்ணன் எங்கள் கம்பெனிக்கு வேனில் ஆள் கூட்டி வரும்போது நீயும் கிளம்பப் போகிறாயாம், அம்மா சொன்னாள். கம்பெனி எப்படி என்று கேட்டிருந்தாய்.

குறை சொல்ல ஒன்றும் இல்லை. குடிக்கத் தண்ணீர் உண்டு, டீ உண்டு, யாரும் கை ஓங்குவதில்லை. முதலாளியம்மா எதிரில் வந்தால், சாப்ட்டீங்களா கண்ணு என்று கேட்பார். பதிலுக்கு நிற்கமாட்டார். நான் ஓவர்லாக் மிஷினில் பனியனுக்குக் கை வைக்கிறேன். கை மட்டும்தான், கழுத்து வேறொருத்தி. முழுப் பனியனாக அதைப் பார்த்து நாளாயிற்று. புகார் கமிட்டி போர்டில் என் போட்டோவையும் மாட்டியிருக்கிறார்கள். கூட்டத்துக்குத்தான் இதுவரை யாரும் கூப்பிடவில்லை. போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறேன்.

போன மாதம் ஆடிட் வந்தது. நாங்கள் தைப்பதை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, இங்கே வேலையாட்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஆள் அனுப்பும். அதற்கு முன்பே ஆபீஸ் பெண் தேஜஸ்ரீ எங்களை உட்கார வைத்துப் பதில் சொல்லப் பழக்கினாள். எத்தனை மணி நேரம் வேலை? எட்டு. ஓவர்டைம் கட்டாயமா? இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி ஒப்பித்தோம். மிஷினில் இருக்கும்போதும் என் வாய் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

ஆடிட் மேடம் நம் தமிழ்நாட்டுக்காரர்தான். தனி அறையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டார். எட்டு மணி நேரம் மேடம் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அதே கேள்வியை மெதுவாகத் திரும்பக் கேட்டார். கட்டாயம் இல்லை மேடம் என்றேன். பழக்கியதில் அடுத்த பதில் அதுதான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் வேறு யாரும் இல்லை. சரக்கு கப்பலுக்குப் போகிற ஷிப்மெண்ட் நேரத்தில் ராத்திரிச் சோற்றுக்குக்கூட விடமாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். எதுவும் வரவில்லை. வெட்கம்கூட வரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வெளியே வந்து தேஜஸ்ரீயிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது, ஆனால் திட்டவில்லை. கம்பெனி பாஸாகிவிட்டது, எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். சூப்பர்வைசர் மகுடேஸ்வரன் என்னிடம் வந்து, அடுத்த ஆடிட் அன்னிக்கு நீங்க லீவு எடுத்துக்குங்க, சம்பளம் புடிக்க மாட்டோமுங்க என்று தன்மையாகச் சொன்னார். சரிங்க என்றேன். எல்லாவற்றுக்கும் அதுதான் வருகிறது.

அன்று ரூமில் உலை வைத்துவிட்டு அந்தக் கேள்வியை நானே கேட்டுப் பார்த்தேன். அம்மா இருக்கிறாள். அப்புறம் நீ. இரண்டே பேர்தான், அதில் உன் முகம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது நாகு.

நீ வராதே. சந்தனம் அண்ணன் கோபித்துக்கொண்டால் அக்காதான் வேண்டாம் என்றாள் என்று சொல். உனக்குப் பிடிக்காத அந்த ஜவுளிக்கடை வேலைக்கே போ. அங்கே நாள் முழுக்க வருகிறவர்களோடு வாயாடலாம், உனக்குத்தான் வாய் நீளமாயிற்றே. அந்த வாய் அப்படியே இருக்கட்டும்.

என்றும் நன்றாக இரு. இனி யாராவது என்னிடம் கேட்டால், வீட்டில் தங்கச்சி இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். அதற்காகவாவது நீ வீட்டில் இரு.

உன் அக்கா,
சின்னத்தாய்