தலைப்பிரசவத்தில் வந்த பிரான்ஸ்

திண்டிவனம்
4 மார்ச் 2024

பாரிஸ் மாநகரை ஆளும் மருமகள் அஸ்வினிக்குத் தாய்மாமன் சவுரிராயன் எழுதும் திருமுகம்.

இனி நான் சொல்லப்போவதைப் பூமியில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்பாமலே படி. வாட்ஸ்அப்பில் கேட்டாய்; என் பேச்சின் கனத்தை அது தாங்காது என்பதால் தபாலில் போடுகிறேன்.

உன் விசா முடியப்போகிறது, தாத்தா ராயப்பன் பிறந்த ஊரை வைத்துத்தான் உனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை என்கிறாய். அவருடைய அப்பா பிரெஞ்சுப் படையில் சிப்பாய். ஏழு கப்பலைத் தனியாக விழுங்கி ஏப்பம் விட்டவர். உன் தாத்தாவோ கடைசிவரை, "நான் புதுச்சேரியில பொறந்தவன்டா" என்று மார்தட்டிக்கொண்டிருந்தார். கல்லறைக் கல்லிலும் அதையே வெட்டச் சொன்னார்.

ஆனால் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குத்தானே வருவாள்? அவர் பிறந்தது இங்கே, திண்டிவனத்தில், கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையை ஒட்டிய வீட்டில். பிறகுதான் புதுச்சேரிக்குத் தூக்கிப்போய் வளர்த்தார்கள். இங்கிலீஷ்காரன் ஆண்ட பக்கம் பிறந்தேன் என்று சொல்ல அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

இங்குள்ள மாதா கோயிலில் அவருடைய ஞானஸ்நானச் சான்று கேட்டு வாங்கி, இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் மாமன்
சவுரிராயன்

பாரிஸ்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

சான்று கிடைத்தது. வக்கீல் இரண்டு முறை படித்துவிட்டுச் சிரித்தார். தாத்தா புதுச்சேரியிலேயே பிறந்திருந்தால், புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் வந்த சமயத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று எழுதிக் கேட்டிருக்க வேண்டுமாம். அவர் கேட்கவே இல்லை. வெளியே பிறந்து புதுச்சேரியில் குடியிருந்த பிரெஞ்சுக் குடிகளுக்கு அது தானாகவே தொடர்ந்ததாம். கல்லறையில் இருப்பது உண்மையாக இருந்தால் நான் ஊர் திரும்பவேண்டியதுதான்.

அத்தை எப்படி இருக்கிறார்கள்? போனமுறையும் கேட்டேன்.

அஸ்வினி

திண்டிவனம்
20 ஏப்ரல் 2024

அஸ்வினிக்கு,

உன் தாத்தா ஜம்பத்துக்குச் சொன்ன பொய்யைக் கண்டு நான் பெருமைப்படுகிறேன். ரத்தம் எங்கே போகும்? வெயில் கொளுத்துகிறது. நேற்று மேம்பாலம் உருகி ஓடி, லாரிகள் நீந்திப்போயின. வேறு விசேஷமில்லை.

மாமன்

பாரிஸ்
11 அக்டோபர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

குடியுரிமை வந்துவிட்டது. இரண்டையும் வைத்துக்கொள்ள நம் சட்டம் விடாது. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தேன். அழுகை வரும் என்று கைக்குட்டை எடுத்துப் போனேன். வரவில்லை. வரும் வழியில் ரொட்டி வாங்கினேன்.

நீங்களும் தாத்தாவின் பிள்ளைதானே. நீங்களும் கேளுங்கள். அத்தையையும் அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள். அம்மா போனபிறகு எனக்கு உங்களைவிட்டால் யார் மாமா?

அஸ்வினி

திண்டிவனம்
9 நவம்பர் 2025

பிரெஞ்சுக் குடிமகள் அஸ்வினி அம்மையாருக்கு,

நான் கிளம்பினால் என்ன ஆகும் தெரியுமா? விழுப்புரம் பஸ் ஒன்றும் நகராது. மரக்காணத்து உப்பு இனிக்கும். கலெக்டர் ஓடிவந்து என் காலைப் பிடித்துக்கொள்வார்.

உன் அத்தை செந்தாமரை தினமும் காலையில் என்னைப் பார்த்து, "யாருங்க நீங்க? எங்க வூட்ல என்னா பண்ணிக்கினு இருக்கீங்க?" என்பாள்.

"பிரான்சுலேருந்து வர்றேங்க" என்பேன்.

"அம்மாந் தூரத்துலேருந்தா? குந்துங்க. எங்க வூட்டுக்காரரு ஜல்தியா வந்துடுவாரு" என்று தன் கேப்பைக் கூழை என் பக்கம் தள்ளுவாள். நானும் குடித்துவிட்டு அவளோடு சேர்ந்து அவருக்காகக் காத்திருப்பேன். மத்தியானத்துக்குள் எங்களுக்கு மறுபடி கல்யாணம் நடக்கும். ஏழு ஊர் திரண்டு வந்து சாப்பிடும்.

அதனால் நான் எதற்கும் எழுதிக் கேட்கப்போவதில்லை. நீ அங்கேயே இரு. எங்களுக்காகத் திரும்பி வராதே.

வழக்கம்போல எல்லாம் புளுகுதான். அத்தை அப்படிக் கேட்பது மட்டும் நிஜம்.

மாமன்
சவுரிராயன்