பம்பாய் மண்ணில் உறங்கும் ஆமினா லாத்தாவுக்கு

அக்கா இல்லாத குறையை எனக்குத் தீர்த்துவைத்த என் ஆமினா லாத்தா,

உச்சிப்புளியில் என்னைப் பெற்ற அய்யா வீட்டிலிருந்து எழுதுகிறேன். முந்தாநாள் கீழக்கரைக்குப் போய் உங்கள் உம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து யாரோடும் பேச்சு ஓடவில்லை. அதனால் உங்களிடமே பேசுகிறேன்.

இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு பஸ் பயணம்தான். ஆனாலும் இங்கேயே இருந்திருந்தால் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்போமா? நான் வயலில் பாடுபடும் சம்சாரி வீட்டுப் பெண். நீங்கள் கப்பல் வியாபாரிகள் தெருவில், வாசலுக்கு வராமல் வளர்ந்தவர். பம்பாய்தான் நம்மை ஒரே மாடியில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குடிவைத்தது.

கல்யாணமாகி அங்கே வந்த புதிதில், என் வீட்டுக்காரர் மில்லுக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை நான் வாய் திறக்க மாட்டேன். யாருக்கு என் பேச்சு புரியும்? ஒருநாள் குழாயடியில் ஒருத்தி என் குடத்தைத் தள்ளிவிட்டு என்னவோ திட்டினாள். "அவ கெடக்கா. நீ குடத்த வையி புள்ள" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினால் நீங்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் திட்டியதற்காக அல்ல.

உங்களுக்கு அந்த ஊர் பிடித்திருந்தது. மாடி பஸ்ஸில் மேலே ஏறி முன்சீட்டில் உட்கார்ந்து, தலைத் துப்பட்டியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, "இத்தன சனத்துல நம்மள ஒருத்தருக்கும் தெரியல, பாத்தியா புள்ள" என்று சிரிப்பீர்கள். பக்கத்து சீட்டில் பேசுவது எந்தப் பாஷை என்று நமக்குள் பந்தயம் வேறு.

நீங்கள் காய்ச்சலில் போன அன்றைக்கும் அதே ஊர்தான் லாத்தா. விடாத மழை. ரயில் ஓடவில்லை. பட்டணத்தின் அந்தக் கோடியில் இருந்த கீழக்கரைக்காரர்களால் வந்துசேர முடியவில்லை. கீழ்வீட்டு ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. உங்கள் மய்யத்தைத் தூக்க ஆள் போதாமல் உங்கள் வீட்டுக்காரர் தெருவில் போய் நின்றார்.

முந்தாநாள் உம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார்கள். "மாப்பிள்ள வந்தப்ப, நம்ம சனமே தெரண்டு வந்துச்சுன்னு சொன்னாரு. எனக்கு மனசு ஆறல. நீ கூடவே இருந்த புள்ள. நீ சொல்லு."

பெற்றவள் மனம் நோகக்கூடாதென்று அவர் சொன்னதை நான் உடைக்கலாமா? தலையாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

"நம்ம பக்கத்து ஆளுக யாரும் வர முடியலம்மா. மழை. ரோட்டுல போன டாக்சிக்காரரு வண்டிய நிறுத்திட்டு வந்தாரு. டீக்கடை மலையாளத்தாரு வந்தாரு. மில்லுக்குப் போய்க்கிட்டிருந்தவுக சில பேரு வந்தாக. எங்க வீட்டுக்காரரும் தோள் குடுத்தாரு."

"எம் மக பேராச்சும் அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

உம்மா இரண்டு கைகளையும் ஏந்தி, அந்த முகம் தெரியாதவர்களுக்காக துஆ கேட்டார்கள். என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "அவள அடக்குன கபுருக்குப் பக்கத்துல ஒரு மரமாச்சும் நிக்கிதா?" என்றார்கள்.

எனக்குத் தெரியவில்லை லாத்தா. அன்றைக்கு நான் மாடிப்படியோடு நின்றுவிட்டவள்.

இங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும். "பம்பாய்க்காரி வந்துட்டா" என்கிறார்கள். உங்களைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தால், "யாரோ பக்கத்து வீட்டுக்காரிக்கா இம்புட்டு அழுக?" என்கிறாள் என் அம்மா. அங்கே உங்கள் அறையில் இப்போது ஒரு சிந்திக் குடும்பம் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் எழுந்தால் என்னை அறியாமல் காது கொடுக்கிறேன். ஒரு வார்த்தை புரிவதில்லை.

அடுத்த வாரம் ரயிலேறுகிறேன். போனதும் என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு உங்கள் கபுர் இருக்கும் மையவாடிக்குப் போவேன். பெண்பிள்ளை என்று என்னை உள்ளே விடாவிட்டால் கேட்டுக்கு வெளியே நின்று, அவரைப் பார்த்துவரச் சொல்வேன். மரம் இருந்தால் என்ன மரம் என்று உம்மாவுக்கு எழுதுவேன். இல்லாவிட்டால், இல்லையென்றே எழுதுவேன்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
பாக்கியம்