அடுப்போடு பேசுகிறவள்

13-6-2004, ஞாயிறு. உத்திரமேரூர்

சென்னையிலிருந்து காலை பஸ்ஸில் வந்தேன், சாயங்காலம் திரும்ப வேண்டும். அண்ணன் நெல் மண்டிக்குப் போயிருக்கிறான், லோடு வந்திருக்கிறதாம். அண்ணி கொல்லையில் பாத்திரம் தேய்க்கிறாள்.

மதியம் மீன் குழம்பு. வழக்கம்போல, "புளி கூட, அண்ணி" என்றேன். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டாள்.

"ஆமாண்டா, பட்டணத்துல ஒனக்குத் தேன் ஊத்திக் கொழம்பு வெக்கிறானுங்கோ. ஓட்டல்ல தின்னு தின்னு நாக்கு மரத்துப் பூட்ச்சு, புளின்னா இன்னான்னே மறந்துகினு வந்துகீற. தின்னா தின்னு, இல்லாங்காட்டி போ."

எனக்குச் சொல்லி முடித்ததும் பம்ப் ஸ்டவ் பக்கம் திரும்பி, "பாத்தியாடி இவன் மூஞ்சிய" என்று அதனிடம் மிச்சத்தைச் சொன்னாள். அம்முலு அண்ணி அடுப்போடு பேசுவாள். மாகறலிலிருந்து கல்யாணமாகி வந்தபோது எனக்கு எட்டு வயது. அம்மா இல்லாத வீடு. அண்ணன் அதிகம் பேசமாட்டான், நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன், பாவம், அடுப்பைத் தவிர யாரோடு பேசுவாள்? எங்கள் வீட்டில் இதை யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை. காலையில் பஸ் ஸ்டாண்டு ஓரம் நாஷ்டாக் கடை போடுகிறாள், தள்ளுவண்டியில். பாதிப் பேர் இட்லிக்காக வருகிறார்கள், பாதிப் பேர் திட்டு வாங்க வருகிறார்கள்.

எனக்கு வேறு கவலை. ரேடியோ நிலையத்தில் சேர்ந்து ஒரு வருஷமாக விளம்பரங்களுக்குப் பின்னால் மழைச் சத்தம் போடுவதும், அறிவிப்பாளர்கள் மூச்சு வாங்குவதை வெட்டி எடுப்பதும்தான் என் வேலை. நிகழ்ச்சிப் பொறுப்பு சாமுவேல் சாருக்கு. சாயங்காலத்துக்கு இரண்டு நிமிஷம் சிரிப்பாக ஏதாவது செய்து கொண்டுவா என்று முதல் தடவையாக என்னிடம் ஒன்றை ஒப்படைத்திருக்கிறார். மண்டையில் ஒன்றும் இல்லை.

15-6-2004

கிடைத்துவிட்டது. ஸ்டுடியோவில் மைக் கரகரவென்று மக்கர் செய்தது. விளையாட்டாகக் குரலை மாற்றி அண்ணி மாதிரி அதைத் திட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாமுவேல் சார் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"யாருய்யா இந்தம்மா?"

"சும்மா சார், கற்பனைதான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அண்ணி என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

பாத்திரத்துக்குச் சொக்கம்மா என்று பெயர் வைத்திருக்கிறோம். நாஷ்டாக் கடைக்காரி. கொழுந்தன் அண்ணியைக் கேலி செய்வது ஊரில் இல்லாத வழக்கமா? அவளே கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள். தவிர, எங்கள் நிலையம் உத்திரமேரூரில் இழுக்காது. மாடியில் கம்பி கட்டிப் பார்த்தாலும் வெறும் இரைச்சல்தான்.

9-7-2004

சொக்கம்மா ஒலிபரப்பாக ஆரம்பித்ததிலிருந்து போன் ஓயவில்லை. சைதாப்பேட்டை ஆட்டோக்காரர் ஒருவர் கூப்பிட்டு, "எங்க பெரியம்மா பேசறாப்பலயே கீது சார்" என்றார். குரல் கம்மியிருந்தது. சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

22-8-2004, ஞாயிறு. உத்திரமேரூர்

சரக்கு தீர்ந்துகொண்டு வருகிறது. இந்தத் தடவை நிலையத்திலிருந்து சின்ன ரெக்கார்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேற்று ராத்திரியே வந்துவிட்டேன். ஸ்டவ் இரைகிற சத்தம் வேண்டும், ஸ்டுடியோவில் இருப்பது பொய்ச் சத்தம் — எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் இது.

விடியற்காலையில் அண்ணி இட்லி ஊற்ற உட்கார்ந்தாள். நான் தூங்குகிறவன் மாதிரிப் படுத்திருந்தேன். ரெக்கார்டர் சமையல்கட்டு வாசலில், என் துண்டுக்கு அடியில். அண்ணன் நேற்றும் குடித்துவிட்டு வந்து படுத்திருந்தான். மண்டியில் எடை மிஷின் வந்ததிலிருந்து அவனுக்கு வேலை குறைந்துவிட்டது. ஸ்டவ் பிடிக்கவில்லை. அண்ணி பம்ப் அடித்துக்கொண்டே சொன்னாள்:

"ஊத்தினாதான் எரிவே நீயி. அவனும் அப்டித்தான். ஊத்திகினாதான் வாயத் தெறக்கிறான், இல்லாங்காட்டி பேச்சே கெடையாது. ரெண்டு பேரையும் ஒரே கடையில புட்ச்சாந்தாங்களா?"

தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அதற்கப்புறம் மெதுவாக என்னவோ சொன்னாள். இரைச்சலில் கேட்கவில்லை. சென்னைக்குப் போய் ஹெட்போனில் கேட்க வேண்டும்.

24-8-2004

இரைச்சலைக் குறைத்ததும் கேட்டது. "எனுக்கு யார் கீறாங்கோ. நீதான் கீற."

மற்றதைச் சொக்கம்மா குரலில் நானே பேசிப் பதிந்தேன். இதை வெட்டிவிட்டேன். அந்த இடத்தில் யாருக்கும் சிரிப்பு வராது.

3-9-2004

'ஊத்தினாதான் எரிவே' பட்டிதொட்டியெல்லாம் பரவிவிட்டது. கேன்டீன்காரர் டீ ஊற்றும்போது சொல்கிறார். லிப்டில் முன்பின் தெரியாத ஒரு பெண் சொல்லிச் சிரிக்கிறாள். என்னை யாருக்கும் அடையாளம் தெரியாது, அதுவும் ஒரு சுகமாகத்தான் இருக்கிறது.

6-12-2004

சொக்கம்மாவைத் தொகுத்துக் கேசட்டாகவும் சிடியாகவும் போடப் போகிறார்களாம். சாமுவேல் சார் கைகுலுக்கினார். "நல்லது சார்" என்றேன்.

ரூமுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. கேசட்டுக்குக் கம்பி வேண்டாம். அது எந்த ஊருக்கும் போகும். ஞாயிற்றுக்கிழமை போய் அண்ணியிடம் நானே சொல்லிவிட வேண்டும். சிரிக்கத்தான் போகிறாள்.

12-12-2004, ஞாயிறு. உத்திரமேரூர்

அடை சுட்டுப் போட்டாள். சொல்லவில்லை.

18-2-2005

கேசட் வந்துவிட்டது. அட்டையில் கொண்டை போட்ட ஒரு பொம்பளை, கையில் கரண்டி, பக்கத்தில் ஸ்டவ். கீழே 'எழுத்து, குரல், தயாரிப்பு: பஞ்சாட்சரம்' என்று போட்டிருக்கிறது. என் பெயரை அச்சில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் சரி, தயாரிப்பு சரி. எழுத்து?

14-3-2005

அண்ணன் போன் செய்தான். பூத்தில் மீட்டர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"நீதானா அது" என்றான்.

மண்டியில் எல்லோரும் அவனைப் பார்த்து, "இன்னா, ஊத்தியாச்சா?" என்று கேட்கிறார்களாம். எடை போடுகிறவனிலிருந்து லாரி டிரைவர் வரைக்கும்.

"அவதான் கடைக்கு வர்றவன் போறவன்கிட்டல்லாம் சொல்லிகினு கீறான்னு நெனச்சேன். கை நீட்டிட்டேன்டா. அப்பறம் ஒருத்தன் கேசட்டு அட்டையக் காட்னான். ஒம் பேரு போட்டிருக்குது."

அண்ணன் குடிப்பான். ஆனால் அண்ணியை ஒரு நாளும் அடித்ததில்லை. ஒரு நாளும் இல்லை.

நான் இன்னா பண்ணிட்டேன். இன்னாடா பண்ணிட்ட நீ. ஸ்டவ் சத்தம் வேணுமாம், ஸ்டவ் சத்தம் —

20-3-2005, ஞாயிறு. உத்திரமேரூர்

போனேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதையும் சொல்லவில்லை. அண்ணிதான் பேசினாள், அரிசி களைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல்.

"காஞ்சிபுரத்துலருந்து பஸ்ஸுல வந்துகினு இருந்தேன். டிரைவர் கேசட்டு போட்டான். பஸ்ஸே சிரிக்குது. நானும் சிரிச்சேன்டா. யாரோ நம்ம பக்கத்துப் பொம்பள, நல்லாத்தான் பேசறான்னு. அப்பறம்தான் அந்த அடுப்பு பேச்சு வந்துச்சு. அது எங்க வூட்ல நான் சொன்னது. அடுப்பாண்ட சொன்னது. பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தவ அப்பவும் சிரிச்சிகினுதான் இருந்தா, என்னையும் இடிச்சி இடிச்சி."

"கேலிக்குத்தான் அண்ணி பண்ணேன்."

"கேலி பண்ணு, யார் வோணான்னா? எட்டு வயசுலருந்து பண்ணிகினுதான கீற. என் எதுர்ல பண்ணு. பண்ணா நானும் பதிலுக்குச் சொல்லுவேன் இல்ல? பஸ்ஸுல நான் யாருக்குடா பதில் சொல்றது?"

அதற்குப் பிறகு நான் கிளம்புகிற வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. கன்னத்தில் தழும்பு எதுவும் இல்லை. இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

24-4-2005, ஞாயிறு. உத்திரமேரூர்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே கடைக்குப் போகாமல் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். ஷேர் ஆட்டோக்காரப் பையன்கள் நாலு பேர், "யக்கா, ஒரு தபா சொல்லு யக்கா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அண்ணி இட்லியை வைத்தாள், சட்னி ஊற்றினாள், தட்டை நீட்டினாள். வாயைத் திறக்கவில்லை. திட்டு வாங்க வருகிற பழைய ஆட்கள் ஒருவரையும் காணோம்.

கடையை எடுத்துக் கட்டும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"வாங்க" என்றாள்.

வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் யாரும் இல்லை.

11-6-2005

சாமுவேல் சார் இரண்டாவது கேசட் கேட்கிறார். நானாக உட்கார்ந்து எழுதினேன். கீது, இன்னா, வூடு எல்லாம் சரியாக வந்து விழுகிறது. உயிர்தான் இல்லை. கேட்கிறவர்களுக்கும் தெரிந்துவிட்டது. "சொக்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று ஒரு அம்மா போன் செய்து விசாரித்தார்கள்.

8-7-2005

இனி சொக்கம்மா வேண்டாம் என்று சாரிடம் சொல்லிவிட்டேன். மேலே வருகிற நேரத்தில் எவனாவது இப்படிச் செய்வானா என்று கத்தினார். வேறு வழியில்லாமல் சொக்கம்மா யார் என்று சொன்னேன். பஸ்ஸைச் சொன்னேன், அண்ணன் கை நீட்டியதைச் சொன்னேன்.

"அப்போ அவங்களையே கூட்டிட்டு வாங்களேன், பஞ்சு" என்றார்.

கெட்ட மனுஷன் இல்லை. பத்து மாதத்துக்கு முன்னால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

31-7-2005, ஞாயிறு. உத்திரமேரூர்

சொக்கம்மா தாய்வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொல்லி நேற்றுக் கடைசியாக ஒலிபரப்பினோம். அதைச் சொல்லத்தான் இங்கே ஓடி வந்தேன். அண்ணி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், திட்டு வாங்கிக்கொண்டு போகத்தான் வந்தேன்.

"எதுக்குங்க நிறுத்தணும்? ஒங்க பொழப்பாச்சே" என்றாள்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணி ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்தாள். அதனிடமும் ஒன்றும் சொல்லவில்லை, நான் இருந்ததால்.

11-2-2006

தயாரிப்பாளர் ஆக்கிவிட்டார்கள். கதவில் பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறது. ஊருக்குப் போன் செய்தேன். அண்ணனுக்குச் சந்தோஷம். அவன் குடியை விட்டுக் கொஞ்ச காலமாகிறது. ஊர் சிரித்த சிரிப்பில் விட்டேன் என்கிறான். இதை நான் எந்தக் கணக்கில் எழுதிக்கொள்வது? நல்லது நடந்தது, அதனால் நான் செய்தது சரியாகிவிடுமா?

அண்ணியிடம் கொடு என்றேன். வேலையாக இருக்கிறாளாம்.

3-9-2006, ஞாயிறு. உத்திரமேரூர்

கேஸ் அடுப்பு வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாங்க, இதுவே போதும்."

16-11-2006

நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு யோசனையோடு வந்தாள். அவள் வீட்டுப் பக்கத்தில் ஒரு பாட்டி இருக்கிறாளாம், பேச்சைக் கேட்டால் அப்படிச் சிரிப்பு வருமாம், அதை வைத்து ஒரு தொடர் செய்யலாமாம். "அந்தப் பாட்டியிடம் கேட்டாயா?" என்றேன். எதற்குக் கேட்க வேண்டும் என்பதுபோலப் பார்த்தாள். கேட்டுவிட்டு வா என்று அனுப்பினேன். திரும்பி வரவில்லை, வேறு யோசனையோடு வேறு ஆளிடம் போய்விட்டாள். வயசாகிவிட்டது என்று என்னைப் பற்றி வெளியில் சொல்கிறாளாம்.

4-3-2007, ஞாயிறு. உத்திரமேரூர்

வருவதாக அண்ணனிடம் சொல்லியிருந்தேன். பஸ் இன்றைக்குச் சீக்கிரமே கொண்டுவந்து சேர்த்துவிட்டது. கேட்டில் கை வைக்கும்போது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

அண்ணிதான். அடுப்போடு.

இரண்டு வருஷமாகிறது இந்தக் குரலைக் கேட்டு. கையை எடுத்துவிட்டு முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டேன். ஸ்டவ் இரைகிற சத்தத்துக்கு மேலே அவள் குரல், பழைய குரல், ஒரு மாற்றமும் இல்லை.

"இன்னிக்கி வரான்டி அந்தப் பஞ்சுப் பய. எளச்சிப் பூட்டான்னு இவுரு சொல்றாரு. எளைக்காம இன்னா பண்ணுவான், ஓட்டல்ல தின்னுகினு கெடந்தா? அதாங் கெளுத்தி வாங்கியாந்தேன். புளிதான் கூடப் பூட்ச்சு. சொல்லுவான் பாரு, ஒக்காந்த ஒடனே சொல்லுவான், நாக்கு நாலு மொழம் அவனுக்கு. சொல்லட்டும். நீ எரிடி, இன்னா அதுக்குள்ள அடங்கற."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இல்லை என்று தெரியும், இருந்தும் தொட்டுப் பார்த்தேன்.

அவள் பேசி முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன். தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்ட பிறகு, உள்ளே கேட்கட்டும் என்று இருமிவிட்டுக் கேட்டைத் திறந்தேன்.

"வாங்க" என்றாள்.

அண்ணனும் வந்து சேர்ந்தான். தட்டு வைத்துப் பரிமாறினாள். முதல் வாயிலேயே தெரிந்தது, புளி கூடத்தான். எப்படியாவது அந்தக் குரலை என் பக்கம் திருப்பிவிடலாம் என்று ஒரு நப்பாசை. பழைய மாதிரியே சொன்னேன்.

"புளி கூட, அண்ணி."

சொல்லிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டியைச் சட்டியில் வைக்கிற சத்தம் கேட்டது.

"சரிங்க. அடுத்த தபா கொறச்சிக்கிறேன்."