செல்வியின் புது விலாசம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று காலை செல்வி என் கடைக்கு வந்தாள். இடது கையில் மாவுக்கட்டு. அடிக்கும் புருஷனிடமிருந்து தப்பி வந்தவளுக்கு, இரண்டு மாதம் முன்பு திருவொற்றியூரில் வாடகை வீடு பிடித்துக் கொடுத்த புரோக்கர் நான். விலாசம் யாருக்கும் தெரியக் கூடாதென்று அன்றே கெஞ்சியிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம அந்தாளு வூட்டாண்ட வந்துட்டாண்ணா. கதவ ஒடச்சி பூந்து அடிச்சான். உங்கிட்ட கீற பேப்பர்ல தவிர எங்கியும் அந்த அட்ரஸ் இல்ல. யார்னா வந்து கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை. போன வாரம் தண்டையார்பேட்டை புரோக்கர் ஒருவர் வாடகை ஒப்பந்தத்துக்கு மாதிரி வேண்டும் என்றார். புதிதாக டைப் அடிக்கச் சோம்பல்பட்டு, செல்வியின் ஒப்பந்தத்தையே, பெயரையும் விலாசத்தையும் மறைக்காமல், எங்கள் புரோக்கர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்.

"எங்கிட்டேர்ந்து போவலம்மா. அக்ரிமெண்ட காப்பி எடுத்த ஜெராக்ஸ் கடைக்காரன் குடுத்திருப்பான்" என்றேன். நாக்குக் கூசவில்லை.

செல்வி அழுதுவிட்டாள். "உன்னப் போயி தப்பா நெனச்சிட்டேன், மன்னிச்சிக்கண்ணா. வேற வூடு பாத்துக் குடு. உன்ன வுட்டா நம்புறதுக்கு எனக்கு யாரு கீறாங்க?"

பார்க்கிறேன் என்றேன்.

அவள் போனதும் குரூப்பைத் திறந்தேன். நாளாகிவிட்டதால் அழிக்க முடியவில்லை. இரண்டு பேர் கட்டைவிரல் காட்டி நன்றி சொல்லியிருந்தார்கள். அதில் ஒருவன் அவள் புருஷனின் அண்ணன். அவன் அந்தக் குரூப்பில் இருப்பது எனக்குத் தெரியாததல்ல. போடும்போது நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நாளை எண்ணூர் பக்கம் அவளுக்கு வீடு பார்க்கப் போகிறேன்.