மருமகள் படித்துக் காட்டிய புத்தகங்கள்

மார்ச் 4

இடது கண்ணில் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம். கண்ணாடி வரும்வரை புத்தகத்தைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தடிப் பேனாவில் கொட்டை எழுத்தாக எழுதுகிறேன். பையன் நூலகத்தில் கைக்கு அகப்பட்டதை அள்ளிவருகிறான். மருமகள் சொட்டு மருந்து விட்டுவிட்டுப் படித்துக் காட்டுகிறாள்.

முதலில் ஒரு மலையேறியின் சுயசரிதை. அத்தியாயத்துக்கு ஒரு சிகரம் ஏறுகிறார். வீட்டில் மூன்று பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று ஒரு வரி கிடையாது. பெரிய சாதனைதான்.

மார்ச் 7

கவிதைத் தொகுப்பு. பக்கத்துக்கு நாலே வரி என்கிறாள். மீதியை முழுங்கிவிட்டாளோ என்று பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். தடவினால் தெரியுமா? என் புத்தி!

மார்ச் 10

தேனீ வளர்ப்பு பற்றி ஒன்று. புது ராணி வரப்போகிறதென்றால் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிப் போய்விடுமாம். அந்த இடத்தை மட்டும் ஏன் அவ்வளவு நிறுத்தி நிதானமாகப் படித்தாள்? வீட்டுக்கு வந்து எட்டு மாதம். என்னோடு சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாதவள்.

மார்ச் 15

கொலைக் கதை! பணக்காரக் கிழவி படுக்கையில் செத்துக் கிடக்கிறாள். எனக்கு மருமகள் மேல்தான் சந்தேகம். கதையில் வரும் மருமகள்.

மார்ச் 18

கதை முடிந்தது. கொன்றது வக்கீலாம்! பாலில் விஷமாம்! அந்த ஆள் கிழவி வீட்டு வாசற்படியையே மிதிக்கவில்லையே? தணிக்கை அலுவலகத்தில் காலம் தள்ளியவள் நான், கணக்கு உதைக்கிறது. கடைசி அத்தியாயத்தில் அவள் குரல் தடுமாறியது. பக்கம் புரளும் சத்தமும் கேட்கவில்லை.

"பக்கத்தைத் தள்ளிட்டியா?"

"இல்ல அத்தை, அப்படித்தான் போட்டிருக்கு."

பொய். என் பக்கத்தில் உட்காருவதே அவளுக்குப் பாரம், எப்படியாவது முடித்துவிட்டு எழுந்தால் போதும். இதில் பொய் சொல்கிறவள் வேறு எதில்தான் சொல்ல மாட்டாள்?

மார்ச் 19

மகளுக்கு போன் செய்தேன். "என்னை உன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடு. இன்னொரு கண்ணையும் அங்கேயே பாத்துக்கலாம்."

"அங்க என்னம்மா குறை?"

என்னவென்று சொல்ல? கொலைக் கதையில் பக்கத்தைத் தள்ளிவிட்டாள் என்றா? "இவ உள்ளதைச் சொல்ற ஆள் இல்லை" என்றேன். கண்ணாடி வந்ததும் வந்து அழைத்துப் போவதாகச் சொன்னாள்.

மார்ச் 20

சொட்டு விட வந்தாள். விட்டதும் நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 2

கண்ணாடி வந்தது. முதல் வேலையாக அந்தக் கொலைக் கதையைத் தேடினேன். நல்லவேளை, பையன் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைசி அத்தியாயம். நான் நினைத்ததுதான், மருமகளேதான். ஆனால் விஷம் பாலில் இல்லை. கிழவிக்கு அவள் நாள் தவறாமல் விட்டுவந்த கண் மருந்தில்.

என் மருமகளைக் கூப்பிட்டுப் பக்கத்தைக் காட்டினேன். முகத்தில் ஈயாடவில்லை.

"தினமும் நான்தானே அத்தை உங்களுக்கு மருந்து விடறேன்? இதைப் படிச்சுட்டு, கண்ணைத் திறங்கன்னு எப்படிச் சொல்றது? அவசரத்துல வக்கீல்தான் வாயில வந்தார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் வெட்கமாக இருந்தது. அன்றைக்கு அதைக் கேட்டிருந்தால் நான் கண்ணைத் திறந்திருக்க மாட்டேன், சத்தியமாக.

ஏப்ரல் 5

மகள் காரோடு வந்தாள். பெட்டி எங்கே என்றாள். கட்டவில்லை என்றேன்.

"அப்ப எதுக்கும்மா என்னை இவ்வளவு தூரம் வரவழைச்சே?"

"சாப்பிட்டுப் போகத்தான்."

முறைத்தாள். பிறகு சமையலறையில் மருமகளை ஓரங்கட்டி ஏதோ கேட்டாள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். என்னைப் பற்றித்தான் இருக்கும். இருக்கட்டும்.

மே 9

வலது கண்ணும் ஆயிற்று. பையன் இன்னொரு கொலைக் கதை கொண்டுவந்திருக்கிறான். இதிலும் ஒரு மாமியார் செத்துப்போகிறாள்.

"உள்ளபடியே படிக்கட்டுமா அத்தை?"

"உள்ளபடியே படி."

படித்தாள். மூன்றாவது அத்தியாயத்தில் போலீசுக்கு மருமகள் மேல் சந்தேகம் வந்தபோது மருந்து நேரமாகிவிட்டது. புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு எழுந்தாள். நான் தலையைச் சாய்த்து, இமையை நானே இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.